சத்தம் கேட்காத இடம்

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் கேளுங்கள்.

ஒல்லியான இடுப்பு. இரண்டு முகம். கிழித்துப் பார்த்தால் உள்ளே ஒருவரும் இல்லை. ஆனால் தட்டினால், ஊரில் ஒரே ஒருவருக்கு மட்டும் உள்ளேயிருந்து ஆள் வருகிறது. அது என்ன?

முதல் பாதி எளிது. உடுக்கை என்று சொல்லிவிடுவீர்கள். இரண்டாம் பாதிதான் எப்சிபாவை ஆறு நாள் அலையவைத்தது.

எப்சிபாவுக்குப் பன்னிரண்டு வயது. ஊர் நல்லதண்ணிகுளம். சுற்றிலும் வாழைத்தோட்டம், நடுவில் ஓடு வேய்ந்த சிறிய தேவாலயம். மைக் செட் எல்லாம் கிடையாது.

அவளுடைய விரல்கள் சும்மா இருக்காது. பள்ளியில் பெஞ்சைத் தட்டும். வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தட்டும். பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைத் தட்டும். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால்கூட விரல்கள் மட்டும் பாவாடைமேல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் பாட வராது. கொஞ்சமும் வராது.

ஆலயத்துப் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து வில்லுப்பாட்டு பழகியிருந்தார்கள். மணிகள் கட்டிய வில்லைக் கோலால் தட்டிக் கதை பாடுகிறவள் ஜெனோவா. அவளுக்குப் பதினைந்து வயது, வெண்கலக் குரல். எப்சிபா உடுக்கை. மற்ற நான்கு பேரும் குடம், ஜால்ரா, பின்பாட்டு.

"நீ பாடாண்டாம்ட்டீ" என்பாள் ஜெனோவா. "நீ வாயைத் திறந்தா ஓட்டுல இருக்கிற புறா எல்லாம் வள்ளியூருக்குப் போயிரும். நீ தட்டு. தட்டுறதுல உன்னை அடிக்க ஆளில்லை."

அது உண்மை. எப்சிபாவுக்கு வேறு எந்த இடமும் கிடையாது. உடுக்கை இருந்தால்தான் அவள் அந்த ஆறு பேரில் ஒருத்தி.

உடுக்கை அவளுடைய சொந்த உடுக்கை. நாகர்கோவில் அத்தை வாங்கிக் கொடுத்தது. போன வருஷம் அதை முதன்முதலாக ஆலயத்துக்குள் கொண்டுவந்தபோது ஆசீர் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் ஆலயக் கமிட்டியில் இருப்பவர்.

"மாடசாமி கோயில் கொடையில அடிக்கிற உடுக்கையை ஆண்டவர் சந்நிதியில அடிக்கவா? இது நல்லா இல்லை, சொல்லிட்டேன்."

அப்போது உபதேசியார் தேவசித்தம் உடுக்கையைக் கையில் வாங்கினார். போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் ஆலயத்தைப் பார்த்துக்கொள்வதும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் உபதேசியார்தான். முப்பத்திரண்டு வயது. வேட்டி இடுப்பில் நிற்காது என்று மேலே பெல்ட் போட்டிருப்பார்.

அவர் உடுக்கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பித்தளை. தோல். நூல். வேற என்ன இருக்கு அண்ணாச்சி?"

ஆசீர் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வேற ஒண்ணும் இல்லை. பிள்ளைகள் வாசிக்கட்டும்" என்றார் உபதேசியார்.

அன்றிலிருந்து எப்சிபாவுக்கு உபதேசியார் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குக் காணாமல் போன குமாரன் கதை. வீட்டைவிட்டுப் போன மகன் கந்தலோடு திரும்பி வருகிறான். தூரத்தில் வரும்போதே தகப்பன் அவனைப் பார்த்துவிடுகிறார். பார்த்ததும் ஓடுகிறார். அந்த ஓட்டத்துக்கு எப்சிபா ஓர் அடி வைத்திருந்தாள். ஆடி மாதம் குளத்துக்கு அந்தப் பக்கம் மாடசாமி கொடைத் திருவிழா நடந்தபோது மொட்டை மாடியில் நின்று மைக் செட்டில் கேட்ட அடி. மெதுவாகத் தொடங்கும், நெருங்கும், பிறகு மூச்சுவிட இடம் கொடுக்காது. அதைக் கேட்டால் யாருக்கும் கால் ஓடத் தோன்றும். தகப்பனின் ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடி இல்லை என்று அவள் நினைத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒத்திகை. பண்டிகைக்கு இன்னும் ஆறு நாள்.

அந்த நேரத்தில் சுடலையாண்டி வாசல் பந்தலுக்கு ஒரு மூங்கிலைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அவர் வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறவர். எட்டு மாதமாக ஆலயத்துக்கு வருகிறார். ஆண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்காருவார். வருகிற பண்டிகையில் அவருக்கு ஞானஸ்நானம் என்று ஊருக்கே தெரியும்.

உள்ளே தகப்பன் ஓடத் தொடங்கினார். எப்சிபா கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். கண்ணை மூடினால்தான் அவளுக்கு விரல் நன்றாக ஓடும்.

ஜெனோவாவின் குரல் நின்றது. வில் நின்றது. எப்சிபா இன்னும் நான்கு அடி அடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

மூங்கில் வாசலில் விழுந்து கிடந்தது. சுடலையாண்டி தூணைக் கட்டிப் பிடித்திருந்தார். வலது குதிகால் தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. முழங்கால்கள் அதிர்ந்தன. பல்லைக் கடித்திருந்தார். கழுத்து நரம்பு கயிறுபோலத் தெரிந்தது.

உடுக்கை நின்ற பிறகும் அந்தக் குதிகால் நிற்கச் சற்று நேரம் ஆயிற்று.

அவர் யாரையும் பார்க்காமல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். படியிறங்கினார். பிறகு ஓடினார்.

குடம் வாசிக்கும் பையன் சிரித்துவிட்டான். "சாமி வந்துட்டு! கோயிலுக்குள்ள சாமி வந்துட்டு!"

"வாயை மூடுல" என்றாள் ஜெனோவா.

மறுநாள் காலை எப்சிபா உபதேசியார் வீட்டு வாசலில் நின்றாள். அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உடுக்கைக்குள்ள ஏதாவது இருக்கா?"

"இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்போ நான் வாசிக்கிறது தப்பில்லையே?"

"தப்பில்லை."

"பண்டிகையில வாசிக்கலாமா?"

"வாசிக்கலாம்."

எப்சிபாவின் முகம் தெளிந்தது. ஆனால் கால் நகரவில்லை. விரல்கள் சைக்கிள் சீட்டைத் தட்டின.

"அப்போ சுடலையாண்டி மாமாவுக்கு ஏன் அப்படி ஆச்சு?"

"அவர்கிட்டக் கேட்டியா?"

"இல்லை."

உபதேசியார் சங்கிலியை மாட்டினார். பெடலைச் சுற்றினார். சங்கிலி கழன்று விழுந்தது.

"கேட்டுப் பாரேன்" என்றார்.

பள்ளி விட்டதும் அவள் நேரே தோட்டத்துக்குப் போனாள். சுடலையாண்டி காய்ந்த வாழைச் சருகை அறுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டார்.

"வா தாயி. நேத்து பயந்துட்டியா?"

"நீங்கதான் பயந்துட்டீங்க."

அவர் சிரித்தார். "ஆமா. நான்தான்."

"ஏன் மாமா?"

அவர் வரப்பில் உட்கார்ந்தார். வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் சுருங்கி, பளபளவென்று, ரேகையே இல்லாமல் இருந்தது.

"பத்தொன்பது வருஷம் நான் மாடசாமிக்கு ஆடினேன். உடுக்கை கேட்டதும் சாமி வரும். வந்தா நான் இருக்க மாட்டேன். என்ன செஞ்சேன்னு மறுநாள் ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரியும். இது தீச்சட்டி பிடிச்சது. சுட்டதுகூடத் தெரியலை."

"வலிச்சிருக்குமே."

"மறுநாள் வலிச்சிது." அவர் கையை மூடிக்கொண்டார். "அது நல்லது கெட்டதுன்னு நான் சொல்ல வரலை தாயி. அங்க இருக்கவங்க எல்லாம் நல்ல ஆளுங்க, எனக்குச் சொந்தக்காரங்க. நான் விட்டுட்டு வந்தேன். அவ்வளவுதான். ஆனா அது இன்னும் என்னை முழுசா விடலை."

"நான் வேற அடி அடிக்கேன் மாமா. மெதுவா."

"நீ நேத்து அடிச்சது எந்த அடின்னு தெரியுமா?"

"தகப்பன் ஓடுற அடி."

"அது சாமியை வரவழைக்கிற அடி."

எப்சிபா கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மாடியில் நின்று கேட்டுக் கேட்டு, மிகவும் பிடித்துப்போய்ப் பொறுக்கி எடுத்த அடி.

"உனக்கு எப்படித் தெரியும்? உன்மேல தப்பில்லை" என்றார் அவர். "வேற அடி அடிச்சாலும் என் காதுக்கு அது அங்கதான் போய் முடியும். வில்லு மணி, குடம், ஜால்ரா எல்லாம் என்னை ஒண்ணும் செய்யாது. உடுக்கைதான். நீ கவலைப்படாதே. ஞாயித்துக்கிழமை உங்க பாட்டு முடியிறவரைக்கும் நான் தூரமாப் போய் நிக்கேன். முடிஞ்சதும் உள்ள வாறேன். பிள்ளைகள் பாட்டை என்னால நிறுத்தாண்டாம்."

எப்சிபாவுக்குத் தலையில் இருந்த சுமையை யாரோ இறக்கிவைத்ததுபோல இருந்தது. திரும்பி ஓடினாள். வழியெல்லாம் வாழைமரங்களைத் தட்டிக்கொண்டே ஓடினாள்.

புதன்கிழமை காலை உபதேசியாரிடம் சொன்னாள்.

"அவரே வெளியே நிக்கேன்னு சொல்லிட்டார் ஐயா."

"நல்ல மனுஷன்."

"அப்போ சரிதானே?"

"எங்க நிப்பாராம்?"

"தூரமா."

"எவ்வளவு தூரம்?"

"சத்தம் கேக்காத தூரம்."

"அது எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு உபதேசியார் கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

எப்சிபா அன்றைக்குப் பள்ளியில் ஒரு பாடமும் கேட்கவில்லை. சாயங்காலம் உடுக்கையை ஜெனோவாவின் கையில் திணித்தாள்.

"நீ தட்டிக்கிட்டே இரு. நான் வாறவரை நிறுத்தாதே."

"எங்கட்டீ போற?"

"சத்தம் கேக்காத இடத்துக்கு."

"கிறுக்கி" என்று சொல்லிவிட்டு ஜெனோவா தட்டத் தொடங்கினாள்.

எப்சிபா முதலில் கிழக்கே நடந்தாள். அந்தப் பக்கம் மலை. சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. தெற்கே போனாள். ஊர்க் கடைசி வீடு தாண்டியும் கேட்டது. அதற்கு மேல் முள்வேலி. வடக்கே கிணற்றடி வரை போனாள். கிணற்றுக்குள்ளும் கேட்டது.

மேற்கே திரும்பினாள். அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். ரேஷன் கடையில் கேட்டது. பஸ் நிறுத்தத்தில் கேட்டது. குளத்தங்கரையில் தண்ணீர்மேல் ஏறி இன்னும் கூர்மையாகக் கேட்டது. கரை இறங்கினாள். வாழைத்தோட்டம். அங்கே கொஞ்சம் மங்கியது. தோட்டம் தாண்டினாள். பழைய புளியமரம்.

அறுநூற்று நாற்பதாவது அடியில் சத்தம் நின்றது.

ஓர் அடி பின்னால் வைத்தாள். கேட்டது. முன்னால் வைத்தாள். கேட்கவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தாள்.

பிறகுதான் நிமிர்ந்தாள்.

அவளுக்கு முன்னால் சுண்ணாம்பு பூசிய மாடசாமி பீடம் இருந்தது. ஆடியில் சாத்திய மாலை காய்ந்துபோய் இன்னும் அதன்மேல் கிடந்தது. பீடத்துக்கு முன்னால் தரை வட்டமாக, புல் முளைக்காமல், கெட்டிப்பட்டுக் கிடந்தது. ஒரே இடத்தில் பல வருஷம் ஆடிய கால்கள் மிதித்த தரை.

எப்சிபா திரும்பி வரும்போது எண்ணவில்லை.

"இடம் கிடைச்சுதா?" என்று ஜெனோவா கேட்டாள். "என் கை போச்சு."

எப்சிபா உடுக்கையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிரவு சோறு இறங்கவில்லை. தட்டின் விளிம்பை விரல்கள் தட்டின. அம்மா கையில் ஒரு போடு போட்டாள். அப்புறமும் தட்டின.

மறுநாள் வியாழக்கிழமை. ஆலயத்துப் படியில் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டாள்.

"இடத்தைப் பார்த்துட்டேன் ஐயா."

"எங்க?"

அவள் சொன்னாள். உபதேசியார் கேட்டுக்கொண்டார்.

"நீங்களே சொல்லிருங்க. வாசிக்கவா, வேண்டாமா? நீங்க என்ன சொன்னாலும் செய்யுதேன்."

"வாசிக்கலாம்னு செவ்வாய்க்கிழமையே சொன்னேன்."

"வேண்டாம்னு சொல்லுங்களேன்!"

"வேண்டாம்னு சொல்ல உடுக்கைக்குள்ள ஒண்ணும் இல்லையே."

எப்சிபாவுக்குக் கோபம் வந்தது. "போன வருஷம் ஆசீர் பெரியப்பா வேண்டாம்னாங்க. அவங்க பேச்சை நீங்க கேக்கலை. இப்போ சுடலையாண்டி மாமா ஒண்ணுமே சொல்லலை. ஆனா நீங்க எவ்வளவு தூரம், எங்க நிப்பார்னு கேட்டுக் கேட்டு..."

"ஆசீர் அண்ணாச்சிக்கு உடுக்கை பிடிக்கலை. பிடிக்காத சத்தத்தைக் கேட்டுக்கிட்டு அவர் நல்லாத்தானே இருக்கார்? போன பண்டிகை விருந்துல ரெண்டு தடவை அசனச் சோறு வாங்கிச் சாப்பிட்டார்."

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நான் வாசிக்கலைன்னா அவங்க ஜெயிச்சிட்டேன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவார்."

"ஊர் முழுக்கச் சொல்லுவாங்க."

"ஆமா. கிறிஸ்மஸ்வரைக்கும் சொல்லுவார்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும்" என்றார் உபதேசியார்.

அவள் படியைத் தட்டினாள். தூணைத் தட்டினாள். திடீரென்று விரல்கள் நின்றன. அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"உள்ள ஒண்ணும் இல்லைன்னு நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா சரியாப் போயிரும்ல?"

உபதேசியார் பதில் சொல்வதற்குள் அவள் ஓடிவிட்டாள்.

தோட்டத்தில் சுடலையாண்டி பண்டிகைக்குக் காணிக்கையாக வைக்க ஒரு வாழைத்தாரைப் பார்த்து வைத்திருந்தார். மட்டி வாழை. அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எப்சிபா உடுக்கையோடு வந்து நின்றதும் ஓர் அடி பின்வாங்கினார்.

"தட்ட மாட்டேன் மாமா. பயப்படாதீங்க. பாருங்க."

பள்ளிப் பையிலிருந்து பென்சில் சீவும் பிளேடை எடுத்தாள். உடுக்கையின் ஒரு முகத்தில் வைத்து இழுத்தாள். தோல் சர்ரென்று கிழிந்தது. மறு முகத்திலும் இழுத்தாள்.

"ஐயோ பிள்ளே!"

"பாருங்க மாமா. உள்ள பாருங்க. ஒண்ணுமே இல்லை. கையை விட்டுப் பாருங்க."

அவர் கை விடவில்லை. ஆனால் குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் வழியாகப் பார்த்தபோது மறுபக்கம் எப்சிபாவின் பாவாடை தெரிந்தது.

"ஒண்ணும் இல்லைதான்" என்றார்.

"அப்போ இனிமே ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவர் இன்னும் குனிந்து, தன் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"அதுக்குள்ள ஆள் இல்லைன்னு எனக்கும் தெரியும் தாயி. உபதேசியார் எப்பவோ சொல்லிட்டார். நானும் நம்புதேன். ஆனா என் காலுக்கு இன்னும் யாரும் சொல்லலை."

எப்சிபா அவர் காலைப் பார்த்தாள். சேறு காய்ந்த சாதாரணக் கால்.

"அதுக்கு எப்போ தெரியும்?"

"தெரியலை. நானும் தினம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் கிழிந்த உடுக்கையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். முதல் தடவையாக அதைத் தொட்டார். தொங்கிய தோலை விரலால் ஒட்டவைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை.

"எனக்காகவா கிழிச்சே?" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. "நான் பெரிய தொந்தரவாப் போயிட்டேன். ஞானஸ்நானத்தை அடுத்த வருஷம் வச்சிக்கிடலாம்னு உபதேசியார்கிட்டச் சொல்லிருதேன்."

எப்சிபா உடுக்கையை வாங்கிக்கொண்டு நடந்தாள். குளத்தங்கரை வரை அழுதாள்.

கரையில் ஏறியதும் அழுகை நின்றது. கையில் இருந்ததை மறுபடியும் பார்த்தாள். இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. இனி வாசிக்கவே முடியாது. வாசிக்கவா வேண்டாமா என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஜெனோவா கேட்டால் கிழிந்துபோச்சு என்று சொல்லலாம். ஆசீர் பெரியப்பா ஒன்றும் பேச முடியாது. சுடலையாண்டி மாமாவும் உள்ளே இருக்கலாம்.

அந்த இரவு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை உடுக்கையை உபதேசியாரிடம் காட்டினாள்.

"கிழிஞ்சிட்டு ஐயா. முடிஞ்சுது."

"கையைக் கிழிச்சிக்கலையே?"

"இல்லை. மாமாகிட்ட மட்டும் சொல்லிருங்க, ஞாயித்துக்கிழமை உடுக்கை இல்லைன்னு. அவர் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட வேண்டாம்."

"நேத்து ராத்திரி வந்து கேட்டார். ஞாயித்துக்கிழமைதான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

உபதேசியார் உடுக்கையை வாங்கினார். துண்டில் சுற்றினார். சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"வள்ளியூருக்கு. அங்க தோல் கட்டுறவர் ஒருத்தர் இருக்கார்."

"அதான் வேண்டாமே!"

சைக்கிள் தெருமுனை தாண்டிவிட்டது. அந்தச் சங்கிலி வழியில் எத்தனை தடவை கழன்றதோ தெரியாது. அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை முழுவதும் எப்சிபா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். ஜெனோவா ஒத்திகைக்குக் கூப்பிட்டாள். போனாள். வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். தகப்பன் ஓடும் இடம் வந்ததும் வெறும் குடமும் ஜால்ராவும் மட்டும் கேட்டன. தகப்பன் ஓடவில்லை, நடந்தார்.

"உப்பில்லாத குழம்பு மாதிரி இருக்கு" என்றாள் ஜெனோவா. "நாளைக்குள்ள தோல் கட்டிருவாங்கல்ல?"

பொழுது சாயும் நேரத்தில் உபதேசியார் வந்தார். வேட்டியில் பெல்ட் வரைக்கும் சைக்கிள் சங்கிலியின் கறுப்பு மசி. துண்டை அவிழ்த்து உடுக்கையை நீட்டினார். புதுத் தோல். புது நூல்.

"தட்டிப் பார்."

எப்சிபா ஒரே ஓர் அடி அடித்தாள். பழையதைவிட நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏன் ஐயா கட்டிக்கிட்டு வந்தீங்க?"

"உன் உடுக்கை."

"கிழிஞ்சே இருந்திருந்தா எல்லாருக்கும் நல்லா இருந்திருக்குமே. மாமா உள்ள இருந்திருப்பார். யாரும் என்னை ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. கிழிஞ்சு கிடந்துச்சு, அதனால வாசிக்கலைன்னு போயிருக்கும். இப்போ மறுபடியும் முதல்லேர்ந்து..."

அவளுக்கு மூச்சு வாங்கியது. உபதேசியார் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். கைகளில் இருந்த மசியைத் துண்டில் துடைத்தார். துண்டு கெட்டது. கை சுத்தமாகவில்லை.

"எப்சிபா" என்றார். "கிழிஞ்ச உடுக்கையை யாராலயும் வாசிக்காம இருக்க முடியாது. நல்லா இருக்கிற உடுக்கையைத்தான் வாசிக்காம வைக்க முடியும்."

அவள் உடுக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. வாசலில் இரண்டு வாழைமரங்கள். காணிக்கை மேஜையில் பூசணி, தேங்காய், நெல், ஒரு மட்டித் தார். வில்லுப்பாட்டுக்கு முன்னால் சுடலையாண்டி எழுந்து வாசலுக்கு வந்தார். செருப்பை மாட்டினார். படியில் எப்சிபா உட்கார்ந்திருந்தாள்.

"தோல் கட்டியாச்சா தாயி?"

"ஆச்சு மாமா."

"உடுக்கை எங்க?"

"வீட்டுல இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் படியில் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே ஜெனோவா கோலை எடுத்தாள். மற்ற நான்கு பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஆசீர் பெரியப்பா பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

எப்சிபா பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். தகப்பன் ஓடும் இடம் வந்தது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.